பெயர் பெற்ற தலைவனும் பெயரற்ற மாலுமியும்: சாண்டில்யனின் கடல் நாவல்கள் குறித்து ஒரு மதிப்பீடு

தமிழர் கடலோடிய இனத்தார் என்பது மேடைதோறும் கேட்கும் பெருமை. பட்டினப்பாலையின் துறைமுகக் காட்சியும், சிலம்பின் புகார் நகரமும், சோழர்தம் கடாரப் படையெடுப்பும் அப்பெருமைக்குச் சான்றுகளாகக் காட்டப்படுகின்றன. ஆயினும், கடலில் கலம் செலுத்திய ஒரு தனி மனிதனின் வாழ்வை, அவன் எவ்வாறு பயின்றான், எவ்வாறு உயர்ந்தான், எவருக்குக் கட்டளையிட்டான், எவருக்குக் கட்டுப்பட்டான் என்னும் முறையில் சொல்லும் படைப்புகள் தமிழில் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் பெருவாரியான வாசகரைச் சென்றடைந்தவை சாண்டில்யனின் கடல் புறாவும் ஜலதீபமும் ஆகும். குமுதம் வார இதழில் தொடர்களாக வெளிவந்த இவ்விரு நாவல்களையும் தமிழகத்து மக்கள் மட்டும் படிக்கவில்லை. மலேசியத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த இதழ்களின் வழியாக இந்நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களும் படித்தன. நெகிரி செம்பிலானின் லாபுவிலும் லின்சமிலும் சுவா பெத்தோங்கிலும் இரப்பர் மரங்களுக்கிடையே வாழ்ந்தவர்க்கும் அக்கதைகளின் கடல் அயலானதன்று. அவர்தம் பெற்றோரோ பாட்டனோ கடந்து வந்த கடலே அது.

ஆதலின் இந்நாவல்களை மதிப்பிடும்பொழுது ஒரு கேள்வி தவிர்க்க முடியாததாகிறது. கப்பலை இவை யாருடைய கண்கொண்டு காண்கின்றன? தலைவனுடைய கண்ணாலா, துடுப்பு வலித்தவனுடைய கண்ணாலா? இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே வகுப்பறையில் இவற்றைக் கற்பிக்கும் முறையும் அமையும்.

கல்வெட்டு விட்ட இடம்

முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு 1025ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தது. அவ்வெற்றியைத் தஞ்சைப் பெரிய கோயிலில் பொறிக்கப்பட்ட மெய்க்கீர்த்தி விரிவாகக் கூறுகிறது. வென்ற நகரங்களும் துறைகளும் வரிசையாக அதில் வருகின்றன. பிடிபட்ட மன்னனின் பெயரும் வருகிறது. ஆனால் கப்பற்படையை நடத்திச் சென்ற தலைவனின் பெயர் அதில் இல்லை. கடல் நடுவே கலங்களை அனுப்பியவன் அரசன் என்பதோடு கல்வெட்டு நின்றுவிடுகிறது. அனுப்பப்பட்டவர் யார், பருவக்காற்றை எதிர்நோக்கி அவர்கள் எந்தத் துறையில் காத்திருந்தனர், மீண்டு வந்தவர் எத்தனை பேர் என்பனவெல்லாம் கல்லில் ஏறாத செய்திகள்.

இவ்வெற்றிடத்தில்தான் கடல் புறா எழுகிறது. அதன் தலைவன் இளைய பல்லவன் எனப்படும் கருணாகரத் தொண்டைமான் வரலாற்று மாந்தனே. ஆனால் செயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில் பாடிய கருணாகரன், முதலாம் குலோத்துங்கனுக்காகக் கலிங்கம் வென்ற நிலப்படைத் தலைவன். அவனைச் சாண்டில்யன் கடலுக்கு இறக்குகிறார். அகூதா என்னும் கடலோடியிடம் பயிற்சி பெறவைத்து, கடல் புறா என்னும் கலத்துக்குத் தலைவனாக்கி, கடாரத்துக்கும் சொர்ணபூமிக்கும் செலுத்துகிறார். வரலாற்றில் இல்லாத பெயரை வரலாற்றில் உள்ள ஒருவனுக்கு மாற்றித் தந்த கற்பனை இது. இதைக் குறையென்று தள்ளுவதற்கில்லை. அரசனின் பெயர் மட்டுமே அறிந்திருந்த வாசகன், அரசனுக்காகக் கடலில் உழைத்த ஒருவன் இருந்திருக்க வேண்டும் என முதன்முறையாக எண்ணிப் பார்த்தான். அவ்வெண்ணத்தை விதைத்தது நாவலின் பயன்.

மெய்யான ஒரு தலைவன்

கடல் புறாவில் கற்பனை மிகுதி. ஜலதீபத்திலோ பின்னணி மெய்யானது. தஞ்சையிலிருந்து கொங்கணக் கரைக்குச் செல்லும் இதயசந்திரன் என்னும் இளைஞன் மராட்டியக் கடற்படையில் சேர்ந்து உயர்வதே அதன் கதை. இதயசந்திரன் நாவலாசிரியரின் படைப்பு. அவன் பணியாற்றும் தலைவனாகிய கனோஜி ஆங்கரேயோ, பாய்மரக் கப்பல்களின் காலத்தில் இந்தியர் ஒருவர் எய்திய கடற்படைப் பதவிக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

கனோஜியின் தந்தை துக்கோஜி சிவாஜியின் படையில் பணியாற்றியவர். கனோஜி பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மராட்டியக் கடற்படையின் சர்க்கேல், அதாவது தலைமைத் தளபதி, ஆனார். 1707க்குப் பின் தாராபாய்க்கும் சாகுவுக்கும் அரசுரிமைப் போட்டி மூண்டபொழுது அவர் முதலில் தாராபாயின் பக்கம் நின்றார். பேஷ்வா பாலாஜி விசுவநாதரின் பேச்சுவார்த்தையால் பின்னர் சாகுவை ஏற்றார். அவர் வசமிருந்த கோட்டைகளும் சர்க்கேல் பதவியும் உறுதி செய்யப்பட்டன. 1717இல் விசயதுர்க்கத்தையும் 1718இல் காந்தேரித் தீவையும் தாக்கிய ஆங்கிலக் கும்பெனியார் இரு முறையும் தோற்றுத் திரும்பினர். 1721இல் ஆங்கிலேயரும் போர்ச்சுக்கீசியரும் ஒன்றுசேர்ந்து கொலாபாவை முற்றுகையிட்டனர். அரச கடற்படையின் தளபதி மேத்யூஸ் தம் கப்பல்களோடு வந்திருந்தும் அம்முயற்சியும் வீணாயிற்று. 1729இல் தம் பதவியில் இருந்தவாறே கனோஜி மறைந்தார்.

இவ்வெற்றிகளுக்குக் காரணம் தனி வீரம் மட்டுமன்று. ஆழ்கடலில் நேருக்கு நேர் நின்றால் ஐரோப்பியரின் பெருங்கப்பல்களுக்குக் கனோஜியின் கலங்கள் ஈடாகா. அவரிடம் இருந்தவை குராப், கல்பத் என்னும் இருவகைக் கலங்கள். குராப் இரண்டு அல்லது மூன்று பாய்மரங்களும் நீண்டு கூர்ந்த முகப்பும் கொண்டது. அதன் முகப்புப் பீரங்கிகள் முன்னோக்கியே சுடும். கல்பத் நாற்பது, ஐம்பது துடுப்புகளால் ஓட்டப்பட்ட சிறு கலம். காற்று ஓய்ந்து பெருங்கப்பல் அசையாது நிற்கும் வேளையில், கல்பத்துகள் குராப்புகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு எதிரியின் பின்புறத்தை அணுகும். பெருங்கப்பலின் பீரங்கிகளோ பக்கவாட்டில் உள்ளன. பின்னால் வருபவரை அவற்றால் எளிதில் சுட இயலாது. காற்று மீண்டு எதிரி வலிமை பெற்றால், கலங்கள் ஆழமற்ற கழிகளுக்குள் புகுந்து கோட்டைப் பீரங்கிகளின் காப்பில் நின்றுவிடும். ஆகவே சர்க்கேலின் வெற்றி கரையின் கோட்டைகளையும், காற்றைப் பற்றிய அறிவையும், அனைத்துக்கும் மேலாகத் துடுப்பு வலித்தவரின் தோள்களையும் சார்ந்திருந்தது.

கொள்ளையன் என்னும் பெயர்

இத்தகைய தலைவரை ஆங்கிலேயர் தம் ஏடுகளில் எவ்வாறு குறித்தனர் என்பது கருதத்தக்கது. கொலாபாப் போரில் பங்குகொண்ட கிளமென்ட் டவுனிங் என்பார் 1737இல் வெளியிட்ட இந்தியப் போர்களின் வரலாற்று நூல், தலைப்பிலேயே ஆங்கரேயைக் கடற்கொள்ளையன் என்கிறது. கனோஜி தம் கரையோரமாகச் செல்லும் வணிகக் கலங்கள் தஸ்தக் என்னும் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்றார், பெறாதவற்றைச் சிறைப்பிடித்தார். இதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே போர்ச்சுக்கீசியர் கர்த்தாசு என்னும் சீட்டைக் காட்டாத இந்தியக் கலங்களைப் பறித்தும் எரித்தும் வந்தனர். ஆங்கிலக் கும்பெனியாரும் தம் சீட்டுகளை வழங்கினர். அயலார் செய்தால் ஆட்சி, மண்ணின் மைந்தர் செய்தால் கொள்ளை என்பதே அவ்வேடுகளின் வழக்கு. சுரேந்திரநாத் சென் போன்ற வரலாற்றறிஞர்கள் மராட்டிய மூலங்களை ஆராய்ந்து இப்பழியை மறுத்தனர்.

ஜலதீபத்தின் தலையாய சிறப்பு இங்கேதான் உள்ளது. வரலாற்றறிஞர் நூல்நிலையத்தில் செய்த திருத்தத்தை அது வார இதழின் பக்கங்களுக்குக் கொண்டு வந்தது. கொள்ளையன் என்று அயலார் எழுதிய பெயரை அழித்துக் கடற்படைத் தலைவன் என்று எழுதியது. பள்ளிப் பாடநூலில் கிளைவையும் ராபிள்சையும் படித்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, வரலாற்றேட்டில் ஒருவனுக்குச் சூட்டப்படும் பெயர் எழுதுகோல் யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தது என இந்நாவல் உணர்த்திற்று. வேறெதற்காகவும் இல்லாவிடினும் இதன்பொருட்டேனும் அது பாராட்டுக்குரியது.

நாவலின் குறை

ஆயினும் ஒரு பெயரைத் திருத்திய நாவல் ஓராயிரம் பெயர்களை விட்டுவிட்டது. சாண்டில்யனின் கப்பலில் தலைவர் இருக்கிறார், உபதலைவர் இருக்கிறார், காதலியர் இருக்கின்றனர், எதிரி நாட்டு அழகியரும் இருக்கின்றனர். மற்றையோர் மாலுமிகள் என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். தலைவன் ஆணையிடுகிறான், பாய்கள் விரிகின்றன. பாயை விரித்த கை எது? பாய்மரத்தின் உச்சியில் புயல் வேளையில் ஏறியவன் யார்? பீரங்கி வெடித்த புகையில் முதலில் வீழ்ந்தவன் எந்த ஊரான்? அவனுக்குக் கூலி கிடைத்ததா, அவன் வீட்டார்க்குச் செய்தி எட்டியதா? இவ்வினாக்கள் நாவலுக்குள் நுழைவதில்லை.

தலைவனின் உயர்வைக் காட்டும் முறையும் இக்குறையோடு தொடர்புடையது. பாய்மரக் காலத்துக் கடற்படைப் பணி ஒரு நீண்ட பயிற்சி. காற்றையும் நீரோட்டத்தையும் கரையின் அடையாளங்களையும் விண்மீன்களையும் ஆண்டுக்கணக்கில் கற்றவனே கலத்துக்குத் தலைவனாவான். சாண்டில்யனின் தலைவர்களோ பெரும்பாலும் வாட்போராலும் கூரிய மதியாலும் காதலின் துணையாலும் உயர்கின்றனர். பயிற்சி சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது; சிருங்காரமோ அதிகாரங்களாக நீள்கிறது. கடல் ஒரு தொழிற்களம் என்னும் உணர்வு மங்கி, அது வீரனின் பின்னே தொங்கும் அழகிய திரைச்சீலையாகிவிடுகிறது.

மெய்யான கலத்தில் படிநிலை தெளிவாக இருந்தது. மராட்டியக் கடற்படையில் தண்டேல் என்பவர் கலத்தை நடத்தினார். அவருக்குக் கீழே சாரங்கு. அவருக்கும் கீழே துடுப்பு வலிப்போரும் பாய் இழுப்போரும் பீரங்கியருகே நிற்போரும். தமிழ்க் கரையில் தோணித் தலைவரைக் குறிக்கும் தண்டல் என்னும் சொல் அத்தண்டேலோடு உறவுடையது. சர்க்கேலின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. தண்டேல்களில் மிகச் சிலர் ஆவணங்களில் எட்டிப்பார்க்கின்றனர். துடுப்பு வலித்தவர் எவரும் இல்லை.

தோட்டத்து வாசகனின் பார்வை

இப்படிநிலையைத் தோட்டப்புறத்து மாணவனுக்கு விளக்க அகராதி தேவையில்லை. துரை, கிராணி, கங்காணி, அவர்க்குக் கீழே பால்வெட்டும் தொழிலாளி என்னும் ஏணியை அவன் முன்னோர் நன்கறிவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, நிரை பிரித்துக்கொண்டு மரங்களுக்குள் சென்றவர் அவர்கள். தோட்டத்தின் வரலாறு எழுதப்பட்டபொழுது துரைமார் பெயர்கள் எழுதப்பட்டன. போர்ட் டிக்சன் துறைமுகமே டிக்சன் என்னும் காலனி அதிகாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிரம்பானையும் அத்துறைமுகத்தையும் இணைத்து 1891இல் ஓடத் தொடங்கிய இருப்புப் பாதைக்கு மண் சுமந்தவர்க்கும், காடழித்துக் காப்பியும் பின்னர் இரப்பரும் நட்டவர்க்கும் அத்தகைய நினைவுப் பெயர் எதுவும் இல்லை.

அவர்கள் கடல் கடந்த செய்தியும் அத்தகையதே. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குத் தொடக்கத்தில் பாய்மரக் கப்பல்களிலும், பின்னர் நீராவிக் கப்பல்களிலும் அவர்கள் வந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. ரஜூலா போன்ற கப்பல்களின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவரின் பயணம், அரசின் ஆண்டறிக்கைகளில் இவ்வாண்டு வந்தோர் இத்தனை பேர் என்னும் தொகையாகச் சுருங்கிற்று. கனோஜிக்குக் கொள்ளையன் என்னும் பெயரேனும் கிடைத்தது. இவர்களுக்குக் கிடைத்ததோ கூலி என்னும் பொதுப்பெயர். அப்பெயரைத் தொழிலாளி என்று மாற்றிக்கொள்ளவே தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் போராட நேர்ந்தது.

இதனால்தான் ஜலதீபத்தின் குறை தோட்டத்து வாசகனுக்கு வெறும் கலைக்குறையாகத் தோன்றாது. கடலில் தமிழன் பெற்ற புகழைப் படிக்கும்பொழுது அவன் தன்னைத் தலைவனோடு ஒன்றாக்கிக் கொள்கிறான். அவனுடைய பாட்டனோ அக்கப்பலின் கீழ்த்தளத்து மனிதரோடு ஒன்றாகத்தக்கவர். தலைவனின் பெருமையில் மகிழும் வாசகன் தன் பாட்டனின் பயணத்தைச் சொல்லக் கூசத் தொடங்கினால், இலக்கியம் அவனுக்கு நன்மை செய்தது ஆகாது. கடாரம் கொண்ட சோழனைப் பற்றி உரக்கப் பேசும் நாவு, நாகப்பட்டினத்தில் கப்பலேறிய குடியானவனைப் பற்றி மௌனம் காப்பது இந்நாட்டு மேடைகளில் அரிதான காட்சியன்று.

கேட்கத் தகுமா?

பொழுதுபோக்கு நாவலிடம் இதைக் கேட்பது முறையா என ஒரு தடை எழலாம். வாரந்தோறும் வாசகரை ஈர்க்க வேண்டிய தொடர்கதை வீரத்தையும் காதலையும் நம்பித்தானே நடக்கும் என்பர். இத்தடைக்குத் தொடர்கதை உலகிலேயே விடை உள்ளது. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வனில், கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள் பூங்குழலி படகோட்டுகிறாள். வீரன் வந்தியத்தேவன் அவள் படகில் ஏறி இலங்கை செல்கிறான். கடலில் அவன் கையற்றவன், அவளே தலைவி. அவளுக்குப் பெயருண்டு, ஆசையுண்டு, ஏமாற்றமுண்டு. வார இதழ் வாசகர் இளவரசியரை மறந்தாலும் பூங்குழலியை மறக்கவில்லை. துடுப்பு வலிப்பவளுக்குப் பெயர் தந்தால் சுவை குன்றாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி மற்றொரு சான்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுமத்திராவிலிருந்து பினாங்குக்கு வரும் தொங்கான் புயலில் சிக்கும் பகுதியில், வீரரைவிட அஞ்சும் மனிதரே நிறைந்துள்ளனர். வட்டிக்கடையிலும் வணிகத்திலும் காலம் கழித்தவர் அலையின்முன் நடுங்குகின்றனர். அங்கே கடல் திரைச்சீலையாக இல்லை. மனிதனின் அளவைக் காட்டும் கோலாக இருக்கிறது. சாண்டில்யனைப் படித்தபின் சிங்காரத்தைப் படிப்பவன், ஒரே நீர்ப்பரப்பு இரு எழுத்தாளரிடம் எத்துணை வேறுபடுகிறது எனக் காண்பான். ஆனால் சிங்காரத்தின் தொங்கானிலும் தோட்டத் தொழிலாளி மையத்தில் இல்லை. அவனுடைய கடற்பயணத்தை முதன்மையாகக் கொண்டு எழும் பெருநாவலுக்கு இன்னும் இடமிருக்கிறது.

கற்பிப்போர் கடன்

இந்நாவல்களை மாணவரிடமிருந்து மறைக்க வேண்டுவதில்லை. வாசிப்புப் பழக்கத்தை ஊட்டியதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. செய்ய வேண்டியது, வாசிப்பை ஒரு படி கீழே, கப்பலின் அடித்தளம்வரை, கொண்டு செல்வதே. ஒரு கடற்போர்க் காட்சியைப் படித்த மாணவனை, அதே காட்சியைத் துடுப்பு வலிப்பவன் சொல்வதாக எழுதச் சொல்லலாம். கனோஜியைக் கொள்ளையன் என்ற ஏட்டையும் தளபதி என்ற ஏட்டையும் எதிரெதிரே வைத்து, ஒரே செயலுக்கு இரு பெயர் வந்த காரணத்தை ஆராயச் செய்யலாம்.

நெகிரி செம்பிலான் மாணவர்க்கு அருகிலேயே மற்றொரு பாடமும் கிடக்கிறது. 1606ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் போர்ட் டிக்சனை அடுத்த தஞ்சோங் துவான் முனைக்கு எதிரே டச்சுக்காரரும் போர்ச்சுக்கீசியரும் கடற்போர் புரிந்தனர். டச்சுத் தளபதி மாத்தலீஃப், கோவாவிலிருந்து வந்த அரசப் பிரதிநிதி காஸ்திரோ ஆகியோர் பெயர்களை வரலாறு காத்துள்ளது. எரிந்து மூழ்கிய நசாவ் என்னும் டச்சுக் கப்பலின் எச்சங்கள் 1993இல் கண்டறியப்பட்டு 1995இல் அகழ்ந்தெடுக்கப்பட்டன. லுக்குட் அருங்காட்சியகத்தில் அக்கப்பலின் பொருள்களைக் காணும் மாணவன், மாத்தலீஃபின் பெயரோடு நின்றுவிடாமல், அக்கலயங்களில் உண்டவர் யார் எனக் கேட்கும்படி பழக்கப்பட வேண்டும். அக்கேள்வியைக் கேட்கக் கற்றவன், வீட்டுக்குத் திரும்பித் தன் பாட்டி எந்தக் கப்பலில் வந்தாள், உடன் யார் வந்தனர், கரையில் இறங்கியவுடன் முதலில் எதைக் கண்டாள் என்றும் கேட்பான்.

அவ்வாறு கேட்டு எழுதும் மரபு மலேசியத் தமிழில் தொடங்கிவிட்டது. ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில், சப்பானியர் காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் மாண்ட தோட்டத் தொழிலாளருக்கு நாவலில் இடம் தந்தது. அ. ரெங்கசாமியின் நாவல்கள் இந்நாட்டுத் தமிழரின் போர்க்காலத் துன்பங்களைப் பதிவு செய்தன. நிலத்தில் மாண்டவர்க்குக் கிடைத்த இம்மதிப்பு கடல் கடந்து வந்தவர்க்கும் கிடைக்க வேண்டும். காலம் தாழ்ந்தால் சொல்வார் இரார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் வேளையில் நினைவுகளும் உடன் சிதறுகின்றன.

சாண்டில்யன் ஒரு தலைவனுக்கு அவனுக்குரிய பெயரை மீட்டுத் தந்தார். அது சிறிய பணியன்று. கல்வெட்டு அரசனோடு நின்றது; நாவல் தலைவனோடு நின்றது. அடுத்த படி மாலுமிக்கு உரியது. அப்படியை எடுத்து வைக்கும் எழுத்தாளர் தோட்டத்துப் பள்ளியொன்றில் பயின்றவராக இருப்பின், அதைவிடப் பொருத்தம் வேறில்லை.